எவர் நிலம், எவர் நீர்? – கோல்ப் மைதானப் புகழ்ச்சிக்கு ஒரு மறுப்பு

விளையாட்டுக்கள் பலவற்றுள்ளும் ஆடும் ஆற்றலைவிட ஆடும் இடத்தின் மீது கூடிய காதல் கொள்ளச் செய்வது கோல்ப் ஒன்றே எனலாம். உதைபந்தாட்டத் திடலின் நீளமும் அகலமும் விதிகளால் வரையறுக்கப்பட்டவை. ரெனிஸ் திடல் உலகெங்கும் ஒரே அளவினது. கோல்ப் மைதானமோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒன்றில் கடற்காற்று எதிரி, இன்னொன்றில் ஓடை, பிறிதொன்றில் மணற்குழி. ஆகவேதான் இவ்விளையாட்டில் ஈடுபட்டோர் இருவர் எங்கே சந்தித்தாலும், ‘எங்கெங்கே ஆடியிருக்கிறீர்கள், எதனை அதிகம் விரும்புகிறீர்கள்’ என்ற வினா தவறாது எழுகின்றது. சஞ்சிகைகள் தரப்பட்டியல்களை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அமெரிக்காவின் பைன் வலி, சைப்பிறஸ் பொயின்ற், ஓகஸ்ரா, ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் ஆகிய பெயர்கள் அவற்றின் உச்சியில் மாறிமாறி இடம்பெறும். இலங்கையைப் பற்றிப் பேசுவோர் திகனையிலுள்ள விக்ரோறியா மைதானத்தையும் நுவரெலியாவையும் கொழும்பையும் குறிப்பிடுவர்.

ஒருவர் தாம் ஆடிய இடத்தை விரும்புவதிற் குற்றங் காண்பதற்கில்லை. ஆயின் அவ்விருப்பம் ஒரு வாதமாக உருமாறும்போது அதனை ஆராயாது விடுதல் தகாது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்திற்குமிடையே 2023 ஒக்ரோபரிற் பயணிகள் கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. குடாநாட்டின் எதிர்காலத்தைச் சுற்றுலாவோடு இணைத்துப் பேசும் வழக்கம் இவற்றோடு வலுப்பெற்றுள்ளது. அப்பேச்சின் ஒரு கிளையாக, ‘நுவரெலியாவில் இருக்கிறது, அம்பாந்தோட்டையில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் ஏன் இல்லை?’ என்னும் வினா சில வாய்களிலிருந்து வெளிப்படுகின்றது. வசதி படைத்த பிரயாணிகள் வருவர், புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் வந்து ஆடுவர், வேலைவாய்ப்புப் பெருகும் என்பன அவ்வினாவுக்குத் துணையாக அடுக்கப்படுவன. இவ்வாதத்தை மறுப்பதற்குக் கோல்பின் பகைவர்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. கோல்ப் ஆடுவோர் தாமே தலையிற் தூக்கிவைத்துக் கொண்டாடும் மைதானங்களின் வரலாறே போதுமானது.

முதலிற் சென் அன்றூஸ். இவ்விளையாட்டின் தாயகம் எனப் போற்றப்படும் இச்சிறு கடற்கரைப் பட்டினத்தின் பழைய மைதானத்தில் ஒரு தடவையாயினும் ஆடிவிட வேண்டும் என்பது கோல்ப் ஆடுவோர் பலரது வாழ்நாள் ஆசை. அது யாரால் ஆக்கப்பட்டது? குறித்த ஒருவராலும் அன்று. கடலுக்கும் பயிர்நிலத்துக்குமிடையே கிடந்த, உழவுக்குதவாத மணற்றிட்டு அது. காற்று மேடுகளை எழுப்பியது. புல் தானாக வளர்ந்தது. ஆடுகள் மேய்ந்து புல்லைக் கட்டையாக்கின. அவை ஒதுங்கிக் கிடந்த பள்ளங்களே மணற்குழிகளாயின என்பர். 1552ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பேராயர் ஜோன் ஹமில்ரன் வழங்கிய சாசனம், அந்நிலத்தில் ஊரவர் விளையாடும் உரிமையை உறுதிப்படுத்தியது. முயல் வளர்க்கும் உரிமை பேராயருக்கு. விளையாடும் உரிமை ஊருக்கு. பேராயர் ஒருவர் ஊரவரின் பந்தாட்டத்துக்குச் சாசனம் எழுத நேர்ந்ததே, அந்நிலத்தின் மீது ஊர் கொண்டிருந்த பிடிப்பை உணர்த்தும்.

அப்பிடிப்பு ஒருமுறை நழுவிற்று. கடனில் மூழ்கிய நகரசபை 1797இல் அந்நிலத்தை விற்க, அது முயல் வளர்ப்போர் கைக்குச் சென்றது. மைதானம் முழுவதும் வளை தோண்டப்பட்டது. ஊரவர் முயல்களைக் கொன்றனர்; வணிகர் வழக்காடினர்; கைகலப்பும் நிகழ்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இப்பூசல், 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலவுடைமையாளர் அந்நிலத்தை வாங்கி விளையாட்டுக்கு மீட்டளித்தபோதே ஓய்ந்தது. பின்னர் 1894இல் நிறைவேறிய சட்டம் நிலத்தை மீண்டும் நகரத்தின் கையிற் சேர்த்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பராமரிக்க ஒரு பொது நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்தியது. இன்றும் அங்கே ஆடும் வாய்ப்பிற் பெரும்பகுதி திருவுளச்சீட்டினால் தீர்மானிக்கப்படுகின்றது. முதலாவது, பதினெட்டாவது ஆட்டப்பாதைகளைக் குறுக்கறுத்துக்கொண்டு பொதுவீதி ஒன்று செல்கிறது. கடற்கரைக்குப் போகும் ஊரவர் கடந்து செல்லும்வரை ஆட்டக்காரர் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்து நிற்பர். ஞாயிற்றுக்கிழமைகளிற் பெரும் போட்டிகள் இருந்தாலன்றி ஆட்டமே இல்லை. அன்று மைதானம் ஊரின் பூங்கா. நாயோடும் குழந்தைகளோடும் எவரும் உலாவலாம்.

உலகக் கோல்ப் ஆட்டக்காரர் தம் உள்ளத்தில் உயர்ந்த பீடத்தில் வைத்துள்ள மைதானம், வேலியற்ற பொதுநிலம்; பயிருக்குதவாத மணல்; இயற்கையின் மழையே பெரிதும் வளர்த்த புல். இம்மூன்று இயல்புகளையும் மனங்கொள்ளுதல் வேண்டும். (பொதுநிலத்தின் ஓரத்தில் அமைந்திருந்த கழகம் மட்டும் 2014 செப்ரெம்பர் வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நிலம் ஊருடையதாயினும் கதவு உயர்குடியினருடையதாயிருந்தது.)

இவ்விடத்தின் புகழ் பரவியபோது அதன் உருவத்தை மட்டும் பிரதிபண்ண முயன்றோர் பலர். சென் அன்றூஸின் மேடுபள்ளங்களைப் பெரிதும் மதித்த பொபி ஜோன்ஸ் என்ற வல்லாட்டக்காரரும் வடிவமைப்பாளர் அலிஸ்ரர் மக்கென்சியும் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் ஓகஸ்ரா மைதானத்தை உருவாக்கினர். முன்பு அவுரித் தோட்டமாகவும் பின்னர் பழமர நாற்றுப்பண்ணையாகவும் இருந்த நிலம் அது. அங்கே பிரதியாகாமற் போனது ஒன்றேயொன்று: பொதுமை. மட்டைப் பைகளைச் சுமப்பதற்குக் கறுப்பினத்தவர் வேண்டப்பட்டனர். ஆனால் 1990 வரை கறுப்பினத்தவர் ஒருவரேனும் உறுப்பினராகவில்லை. பெண்களுக்கு 2012இற்றான் இடங்கிடைத்தது. தொலைக்காட்சித் திரையில் அம்மைதானத்தின் மாசற்ற பசுமையைக் கண்டோர், கோல்ப் என்றால் அப்பசுமையே என்று கருதத் தொடங்கினர். வெப்ப நாடுகளில் இன்று அமைக்கப்படும் மைதானங்கள் பலவும் பின்பற்றுவது ஓகஸ்ராவின் பசுமையையே என்பதில் ஐயமில்லை.

இலங்கைக்கு இவ்விளையாட்டு வந்த வழியும் நோக்கத்தக்கது. 1879இல் தோற்றம்பெற்ற கொழும்புக் கழகத்தினர் முதலில் ஆடியது காலிமுகத்திடலில். அத்திடல் அன்றும் இன்றும் வேலியில்லாத வெளி. ஆங்கிலேய உத்தியோகத்தர் 1896இல் பொரளைக்கு அண்மையில் தமக்கென ஒரு மைதானம் அமைத்துக்கொண்டு போய்விட்டனர். 1928இல் ‘றோயல்’ என்ற அரச விருது கழகத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர்கள் விட்டுச் சென்ற திடலில் மாலைவேளையிற் பட்டம் பறக்கிறது. இறால் வடை விற்கப்படுகிறது. 2022இல் ஓர் அரசுத்தலைவரைப் பதவியிலிருந்து இறக்கிய மக்கள் அங்கேதான் கூடாரமடித்தனர். வேலியிட்ட மைதானத்துக்குள் ஊடுருவும் ஒரே பொதுச்சொத்துக் களனிவெளிப் புகையிரதப் பாதை. மூன்றாம் வகுப்புப் பயணிகள் யன்னலூடாகப் புல்வெளியைக் காணும் வாய்ப்பை அது வழங்குகின்றது!

நுவரெலியா மைதானம் 1889இற் பிறந்தது. நகரின் நடுவே, குளிர் காற்றும் ஊசியிலை மரங்களுமாக, ஸ்கொத்லாந்தை நினைத்து ஏங்கிய தோட்டத்துரைமாருக்கு அது ஆறுதலளித்தது. அதனைப் புகழ்ந்து எழுதுவோர் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளின் அழகையும் தவறாது குறிப்பிடுவர். அச்சரிவுகளில் லயன் அறைகளில் வாழும் மக்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்பதும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மலைகளைப் பண்படுத்தியோரில் மிகப் பெரும்பாலார்க்கு வீடு கட்ட ஒரு துண்டுக் காணி உரித்தாகவில்லை என்பதும் அவ்வருணனைகளிற் காணப்படா. விக்ரோறியா மைதானம் 1999இல் மகாவலி நீர்த்தேக்கத்தின் கரையில் அமைந்தது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த அக்காட்சியே அதன் புகழுக்குக் காரணம். அந்நீரின் அடியிற் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கின்றது. 1980களில் அணைகட்டிய அரசை இதற்காகக் கோல்ப் ஆடுவோர் தலையிற் சுமத்தல் நியாயமன்று. அணை வேறு, மைதானம் வேறு. எனினும் ‘கண்ணுக்கினிய காட்சி’ என்னும் மதிப்பீடு எவ்வளவு மறதியின் மீது எழுப்பப்படுகின்றது என்பதற்கு இது சான்றாகும்.

மறதியினாலன்றி அறிந்தே செய்யப்பட்ட செயலுக்கு உதாரணம் வேண்டின் பத்தரமுல்லைக்குச் செல்லவேண்டும். பாராளுமன்றத்தை அண்டிய அத்தாழ்நிலம், வெள்ளநீரைத் தேக்கிக் கொழும்பைக் காத்தல் முதலான பொதுத்தேவைக்கென 1980களில் தனியாரிடமிருந்து அரசினாற் சுவீகரிக்கப்பட்டது. பொதுத்தேவை என்ற சொல்லுக்குப் பணிந்து காணி கொடுத்தவர்கள் பின்னர் கண்டது என்ன? அந்நிலம் ஒரு தனியார் கம்பனியின் கையிற் கோல்ப் மைதானமாயிற்று. ‘வோட்டர்ஸ் எட்ஜ்’ என்ற பெயரில் அது பிரசித்தி பெற்றது. பொதுமக்கள் இருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2008 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் கைமாறிய முறை செல்லாது எனவும், அதிகாரம் மக்கள் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பாகவே வகிக்கப்படுகின்றது எனவும் நீதியரசர்கள் கண்டனர். முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்தவேண்டுமென்று கட்டளையிட்டனர். இலங்கை வரலாற்றில் ஓர் அரசுத்தலைவராயிருந்தவரை நீதிமன்றம் இவ்வாறு பொறுப்பாளியாக்கியமை ஒரு கோல்ப் மைதானத்தின் பொருட்டு நிகழ்ந்தது என்பது சிந்தனைக்குரியது.

தமிழகத்திலும் அண்மையில் இதனையொத்த ஒரு திருப்பம் நேர்ந்தது. சென்னை கிண்டியிற் குதிரைப் பந்தயத் திடலும் அதனுள்ளே ஜிம்கானா கழகத்தின் கோல்ப் மைதானமும் அமைந்த 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை முடிவுறுத்தி, 2024 செப்ரெம்பரில் அரசு அதனைக் கையேற்றது. அண்டையிலுள்ள வேளச்சேரி ஆண்டுதோறும் வெள்ளத்தில் அமிழ்கின்றமையால் அங்கே நீர்தேங்கு குளங்கள் வெட்டத் தொடங்கினர். கழகங்கள் வழக்காடின. வழக்கின் நியாயம் எப்பக்கமாயினும், ஒரு நூற்றாண்டுப் புல்வெளியின் பெறுமதியை மழைநீரோடு வைத்து நிறுக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்பது தெளிவு.

குடாநாட்டுக்கு வருவோம். ‘பொதுத்தேவை’ என்னும் சொல் பத்தரமுல்லையைவிட இங்கே கசப்பானது. 1990 யூனில் வலிகாமம் வடக்கின் மக்கள் பலாலி, மயிலிட்டி, வறுத்தலைவிளான், தையிட்டி, ஊறணி, காங்கேசன்துறை முதலிய ஊர்களை விட்டு வெளியேறினர். சில நாட்களில் திரும்பிவிடலாமென்று எண்ணிக் கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு போனவர்கள் பலர். அவ்வூர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. யுத்தம் 2009இல் முடிந்தபின், 2013 ஏப்ரலில், அங்கே 6,381 ஏக்கர் காணியைப் பொதுத்தேவைக்காகச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிச் சொந்தக்காரர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தை நாடினர். பொதுத்தேவை என்று கூறப்பட்ட அதே வலயத்தினுள், காங்கேசன்துறைக் கடலோரத்தில், இராணுவம் நடத்தும் ‘தல்செவன’ விடுமுறை விடுதியில் உல்லாசப் பயணிகள் தங்கிச் சென்றனர். 2015இன் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மீனவர் கைக்கு மீண்டது. இன்னும் மீளாத காணிகளும் உள. தன் காணியின் எல்லைக் கல்லை மதிலுக்கப்பால் நின்று பார்க்கும் ஒருவரிடம், 120 ஏக்கரிற் புல் வளர்த்தால் ஊர் முன்னேறும் என்று எவ்வாறு கூறுவது?

‘படைத்தரப்பின் காணியை எவர் கேட்டார்? தனியாரிடம் விலை கொடுத்து வாங்கலாமே’ எனச் சிலர் மறுமொழி கூறக்கூடும். யாழ்ப்பாணத்தில் நிலம் அளக்கப்படுவது பரப்பில் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. 18 குழிகள் கொண்ட மைதானத்துக்குக் குறைந்தபட்சம் 120 ஏக்கர் எனக் கொண்டால் 1,920 பரப்பு. எட்டுப் பரப்புத் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மாறிமாறிச் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பம் ஒன்றை அளவாக வைத்தால், 240 குடும்பங்களின் தோட்டம். அத்தனை துண்டுகளையும் ஒருசேர விலைக்கு வாங்குதல் இங்கு நடவாது. நடப்பதாயின் சட்டத்தின் கைகொண்டு சுவீகரித்தலே வழி. பத்தரமுல்லையின் பாதை அதுவே.

இவ்விடத்திற் கனடாவின் அனுபவமொன்றை நினைவுகூர்தல் பொருத்தமானது. மொன்றியல் நகருக்கு மேற்கே ஓக்கா என்னும் ஊரில் ஒன்பது குழிகள் கொண்ட ஒரு கோல்ப் மைதானம் இருந்தது. அதனைப் பதினெட்டாகப் பெருப்பிக்கவும் அருகில் உல்லாச வீடுகள் எழுப்பவும் நகரசபை முடிவுசெய்தது. பெருப்பிக்க வேண்டிய பக்கத்தில் கனசற்றாகே மொஹோக் பழங்குடிகளின் பைன்மரச் சோலையும் அவர்தம் முன்னோரைப் புதைத்த மயானமும் இருந்தன. அச்சோலை, பறந்துகொண்டிருந்த மணலைப் பிணித்து நிறுத்துவதற்காக அவர்களது மூதாதையர் கைப்பட நட்டது. பழங்குடிகள் வீதியை மறித்தனர். 1990 யூலை 11ஆந் திகதி பொலிசார் உட்புகுந்தபோது அவர்களுள் ஒருவர் கொல்லப்பட்டார், இராணுவம் அழைக்கப்பட்டது, 78 நாட்கள் முற்றுகை நீடித்தது. இறுதியில் மைதான விஸ்தரிப்புக் கைவிடப்பட்டது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதற்கு அடுத்த மாதத்தில், உலகின் மறுகோடியில், வேறொரு சிறுபான்மை மக்கள் தம் மயானத்தைக் காக்க வீதியில் நின்றனர். மொன்றியலுக்குப் பின்னாளிற் பெருந்தொகையாகக் குடிபெயர்ந்த ஈழத்தமிழர் அச்சோலைக்கு அண்மையிலேயே வாழ்கின்றனர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பி வந்து ஆடுவதற்கென்று இங்கே ஒரு மைதானம் கேட்கப்படுவதாயின், ஓக்காவின் கதையை அவர்களைவிட நன்கு அறியத்தக்கவர் எவருமிலர்.

நிலத்தைவிட நீர் கடினமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறென்று அழைப்பது ஊர்ப்பற்று. ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, கடலின் உவர்நீருக்கு மேலே வில்லைபோல் மிதக்கும் நன்னீராகத் தேங்குகின்றது. அதனைத்தான் வருடம் முழுவதும் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் வேண்டும். துலா மிதித்து இறைத்த காலத்திற் கிணற்றின் ஊற்றும் மனிதனின் களைப்பும் ஒன்றுக்கொன்று ஈடாயிருந்தன; நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் களைப்பு நீங்கிற்று, உவர் ஏறிற்று. செம்மண் தோட்டப் பகுதிகளின் கிணற்றுநீரில் நைத்திரேற்று அனுமதிக்கத்தக்க அளவை மீறியுள்ளமை பல்லாண்டுகளாக ஆய்வாளர் எடுத்துக்காட்டி வரும் உண்மை. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் ஆனையிறவு ஏரியை நன்னீராக்கி ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ அமைக்கத் திட்டமிட்டார், அது நிறைவேறவில்லை. இரணைமடு நீரைக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளுக்கும் குடாநாட்டாருக்குமிடையே மனவருத்தத்தை விளைவித்தது. ஈற்றிற் கடலையே குடிநீராக்க நேர்ந்தது: தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உப்பு நீக்கித் தருவதற்கென அமைந்தது.

இப்பின்னணியிற் புல்லின் கணக்கைப் பார்க்கலாம். மைதானத்தின் 120 ஏக்கரிற் பாதி, அதாவது 60 ஏக்கர் மட்டுமே நீர் பாய்ச்சப்படுகிறது என்று புல்லுக்குச் சலுகை காட்டுவோம். கோடை வெயிலில் அப்புல் பச்சையாயிருக்க நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீராவது வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 1,200 கனமீற்றர். பன்னிரண்டு இலட்சம் லீற்றர். தாளையடி ஆலையின் முழு விளைவில் இருபதில் ஒரு பங்கு. ஆளுக்கு நூறு லீற்றர் வீதம் பன்னிரண்டாயிரம் மக்களின் ஒரு நாள் நீர். கிணற்றிலிருந்து எடுத்தால் அயற்கிணறுகளில் உவர் ஏறும். கடலிலிருந்து எடுத்தால் மின்சாரச் செலவு ஊரின் தலையில் விழும். புல்லுக்கு இடும் உரமும் பூச்சிகொல்லியும் எங்கே போகும்? மழைநீர் போகும் வழியே, அதே வெடிப்புகளூடாக, அதே வில்லைக்குள்.

புல்லின்றியும் இவ்விளையாட்டை ஆடலாம் என்பதைக் கோல்ப் உலகமே காட்டியிருக்கின்றது. அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலும் வளைகுடா நாடுகளிலும் இந்தியாவின் சில பழைய கழகங்களிலும் எண்ணெய் கலந்து இறுக்கிய மணற்பரப்பையே குழியின் சுற்றாக வைத்து ஆடினர். அதனைப் பச்சையென்னாது பழுப்பு என்றே பெயரிட்டு அழைத்தனர். இப்படியொரு மைதானத்தை யாழ்ப்பாணத்துக்கு எவரும் கேட்பதில்லை. கேட்கப்படுவது விளம்பரப் படத்திலுள்ள பசுமை. ஆகவே கோரிக்கையின் உள்ளுறை ஆட்டமன்று, ஆட்டத்தின் அந்தஸ்து. மட்டையாற் சிறு பொருளை அடித்துத் தூர விழுத்தும் இன்பத்துக்காயின் கிட்டிப்புள்ளுக்கு ஒரு குச்சியும் ஒரு குழியும் போதும். அதற்கு இதுவரை எந்த முதலீட்டாளரும் முன்வந்ததில்லை.

இனி, மறுதரப்பின் மிக வலிய வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். செம்மண்ணைத் தொடாது, பயிருக்குதவாத மணலிலே, சென் அன்றூஸ் போலவே இயற்கை அமைத்த மேடுகளிலே, வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் அமைத்தால் என்ன? ஸ்கொத்லாந்தைக் காட்டி யாழ்ப்பாணத்தை மறுத்தவர்க்கு இது நேரான வினாவே. மணற்காட்டின் வெண்மேடுகள் அழகியவை. மணல் மூடிய பழைய தேவாலயத்தின் சிதைவு அங்கே இன்றும் காணப்படுகின்றது. காற்று ஓயாது வீசும். கோல்ப் ஆடும் கண்ணுக்கு அது கனவு நிலமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயின் வெறுநிலம் என்று தோன்றுவது வெறுநிலமன்று. மணல்மேடு மழைநீரை ஏந்தி அடியிற் காப்பாற்றுகின்றது. கரையோரக் குடிகளின் நன்னீர் அதனைச் சார்ந்தது. 2004ஆம் ஆண்டின் கடற்கோள் அக்கரையை அடித்துச் சென்றபின், கடலுக்கும் குடிமனைக்குமிடையே நிற்கும் மேட்டின் பெறுமதியை அங்குள்ளோருக்குப் பிறர் போதிக்கவேண்டியதில்லை. மணலைப் பிணிக்க நடப்பட்ட சவுக்கங்காடு, ஓக்காவின் பைன்சோலைக்கு உடன்பிறப்பு. சட்டத்துக்கு மாறாக மணலை உழவு இயந்திரங்களில் ஏற்றிச் செல்வோரால் அம்மேடுகள் ஏற்கெனவே தேய்கின்றன. கரைவலை இழுப்போருக்குப் பாடும் வலை காயவிடும் வெளியும் வேண்டும். சென் அன்றூஸில் ஊரவர் முதலில் இருந்தனர், விளையாட்டு அவர்களிடையே தோன்றிற்று, வீதி குறுக்கே சென்றது, ஞாயிறு ஊருக்குரியதாயிற்று. மணற்காட்டிற் கேட்கப்படுவது அதுவானால், மீனவன் வலையோடு குறுக்கே நடக்கும்போது உல்லாசப் பிரயாணி மட்டையை ஊன்றிக் காத்து நிற்பானா, வாரத்தில் ஒருநாள் வாயில் ஊருக்குத் திறக்கப்படுமா, உண்மையில் வாயில் என ஒன்று இருக்குமா என்று முதலிற் கேட்கவேண்டியவர்கள் அக்கரை மக்களே. அவர்கள் கூடி, தம் விருப்பால், வேலியின்றி, கடல்நீரையோ கிணற்றுநீரையோ நாடாது, மாரியிற் பச்சையாகவும் கோடையிற் பழுப்பாகவும் கிடக்கும் ஒரு மைதானத்தை வேண்டுவார்களாயின், அதனை எதிர்க்க எவருக்கும் உரிமையில்லை. அத்தகைய கோரிக்கை அங்கிருந்து இன்னும் எழவில்லை.

வேலைவாய்ப்பு என்ற வாதம் நீண்ட மறுமொழிக்குரியதன்று. 240 தோட்டங்கள் தரும் வேலையையும் புல்வெட்டுவோர், காவலாளர், பைசுமப்போர் சிலருக்குக் கிடைக்கும் வேலையையும் ஒரு தராசில் வைத்தால் விடை தெரியும். முன்னையது தன் நிலத்தில் தானே எசமானாயிருக்கும் வேலை.

சுற்றுலா வேண்டாமென்பதும் இக்கட்டுரையின் கருத்தன்று. கோட்டையும் முற்றவெளியும், கீரிமலைக் கேணியும், நெடுந்தீவின் கல்வேலிகளும், நல்லூர்த் திருவிழாவும் வெளியூராரை ஈர்க்கப் போதாதென்று எவரும் கூறார். விளையாட்டு வேண்டுமென்றாலும் இடர்ப்பாடில்லை. வடக்கின் பெரும்போர் நடைபெறும் நாட்களில் மத்திய கல்லூரி மைதானத்தில் நிற்க இடமில்லாது சனம் நெருக்குவதை ஆண்டுதோறும் காணலாம். நாவாந்துறையிலும் இளவாலையிலும் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்துதைக்கின்றனர். 120 ஏக்கரிற் பதினைந்தில் ஒரு பங்கு, எட்டு ஏக்கர் கிடைத்தாலே நான்கு கிராமங்களுக்கு நல்ல திடல் அமைக்கலாம். நீர் வேண்டுமாயின் ஒரு கிணறு போதும். பார்க்க வருவோர் மதிலேறி இருந்து பார்ப்பர்.

உலகின் எந்த மைதானம் சிறந்தது என்பதைக் கோல்ப் ஆடுவோர் தமக்குள் பேசி முடிவுசெய்து கொள்ளட்டும். அப்பட்டியல்களைக் கையில் ஏந்திக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வருவோர், பட்டியலின் உச்சியிலுள்ள இடத்தின் நிலவுறுதியையும் உடன்கொண்டு வரவேண்டும். அவ்வுறுதியில் 1552 என்ற ஆண்டும், ஊரவர் என்ற சொல்லும் எழுதப்பட்டுள்ளன. வலிகாமம் வடக்கின் உறுதிகளும் தோம்புகளும் இடம்பெயர்ந்த பெட்டிகளுக்குள் முப்பத்தைந்து ஆண்டுகளாக மடித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சிலவற்றின் காணிகளுக்கு அவற்றின் சொந்தக்காரர் இன்னும் போக முடியவில்லை.